காற்றிலிருந்து குடிநீர்: சிலிக்கா ஜெல் பெட்டி செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் இந்தப் பெட்டியை இதுவரை நான்கு முறை கட்டியிருக்கிறேன். இரண்டு முறை கோபத்தில் பிரித்துப் போட்டும் இருக்கிறேன். செய்முறை இவ்வளவுதான்: ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் இரவில் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும், பகலில் மூடிய பெட்டிக்குள் வெயிலில் சூடாகி அதை ஆவியாக விடும், அந்த ஆவி குளிர்ந்த அடித்தட்டில் தண்ணீராகும். பார்க்க வந்தவர்கள், தாங்களும் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஈரத்தை எப்படி உறிஞ்சுவது என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் அது தானாக நடக்கும். இரவு முழுக்க அப்பளப் பொட்டலத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள், தெரியும். உறிஞ்சிய ஈரத்தைத் திரும்ப வாங்குவதுதான் பாடு. அதனால் இந்த வழிகாட்டியில் இரவு வேலையைவிடப் பகல் வேலையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

1. இறங்கும் முன் கணக்கு

இங்கே சொல்லும் அளவில் ஒரு பெட்டி, நல்ல வெயில் நாளில் 90 முதல் 120 மில்லிலிட்டர் தரும். ஒரு டம்ளர்கூட நிறையாது. மேகமான நாளில் அதில் பாதி, மழை நாளில் ஒன்றுமில்லை.

குழாய்த் தண்ணீர் 1,000 லிட்டருக்கு 3.24 வெள்ளி, லிட்டருக்கு ஒரு காசில் மூன்றில் ஒரு பங்குதான். காசை மிச்சம் பிடிக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். பிள்ளைகளின் அறிவியல் திட்டப்பணிக்கோ, நாமே செய்து பார்க்கும் ஆசைக்கோ என்றால் மேலே படியுங்கள்.

காற்றில் ஈரம் இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். 27 டிகிரி செல்சியஸில் ஒப்பு ஈரப்பதம் 85% என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கிறது. நம் இரவுகள் பெரும்பாலும் அப்படித்தான்.

வெயிலில்தான் தட்டுப்பாடு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். சிலிக்கா ஜெல்லிலிருந்து பிடுங்க இன்னும் கொஞ்சம் கூட. இங்கே ஒரு சதுர மீட்டரில் சராசரியாக ஒரு நாளைக்கு விழும் வெயில் 4.4 கிலோவாட் மணி அளவு. நம் தட்டோ 0.15 சதுர மீட்டர்தான். பெட்டியில் வெப்பம் கசியும் ஒவ்வொரு இடமும் அந்த டம்ளரிலிருந்து ஒரு மடக்கைக் குடித்துவிடும்.

2. வாங்க வேண்டியவை, தொடக் கூடாதவை

சிலிக்கா ஜெல், 700 கிராம். வெள்ளை நிறம், உணவுத் தரம், 3 முதல் 5 மில்லிமீட்டர் மணி. நிறம் மாறும் வகை வேண்டாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்திலும் சாயம் உண்டு. ஈரம் ஏறிவிட்டதா என்று பார்க்க நிறம் தேவையில்லை, தராசு போதும். காலணிப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார் ஒரு அண்ணன். உள்ளே இருப்பது என்ன தரம் என்று யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பிவிட்டேன்.

அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது சிலிக்கா ஜெல்லைவிடப் பேராசையோடு ஈரத்தை இழுக்கும், இழுத்து முடித்ததும் உப்புக் கரைசலாக ஓடும். ஓடினால் கூடவே எவர்சில்வரையும் அரித்துப் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். டப்பாவின் அடியில் சேரும் நீர் குடிக்கிற தண்ணீர் அன்று. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எவர்சில்வர் தட்டு இரண்டு. பஃபே விருந்தில் சாப்பாடு வைக்கும் செவ்வகத் தட்டு, 530க்கு 325 மில்லிமீட்டர், 304 தரம். ஒன்று 100 மில்லிமீட்டர் ஆழம், ஓட்டை இல்லாதது. இன்னொன்று 40 மில்லிமீட்டர் ஆழம், அடியில் துளை போட்டது. ஆவியில் வேகவைக்க விற்பார்கள். உணவகச் சாமான் கடைகளில் இரண்டும் கிடைக்கும். அலுமினியத் தட்டு மலிவுதான், ஆனால் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று பிரித்து வைக்க வேண்டிய பெட்டிக்கு அது ஆகாது.

கறுப்பு எனாமல் பூசிய பேக்கிங் தட்டு ஒன்று, மணிகளை மூடும் அளவு. எனாமல் என்பது கண்ணாடிப் பூச்சு. 80 டிகிரியில் வாசம் விடாது. கறுப்புப் பெயின்ட் விடும், விட்டது தண்ணீரில் சேரும். ஒரு அக்கா வீட்டுத் தோசைக்கல்லையே தூக்கி வந்தார். கறுப்பு என்னவோ கறுப்புதான், ஆனால் இரண்டாம் நாளே துரு.

இவை தவிர: எவர்சில்வர் வலைத்துண்டு, உணவுத் தரச் சிலிக்கோன் பட்டை, விளிம்பு தேய்த்த 4 மில்லிமீட்டர் கடினக் கண்ணாடி, அதே அளவில் அக்ரிலிக் தகடு, வெளிப்பக்கம் ஒட்டக் கார்க் தகடு, பெரிய பிளாஸ்டிக் தொட்டி, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஈரப்பதமானி, கம்பி முனையுள்ள வெப்பமானி, பவர் பேங்கில் ஓடும் 12 சென்டிமீட்டர் விசிறி. விசிறியை சிம் லிம் டவரிலும் தராசை முஸ்தஃபாவிலும் வாங்கினேன்.

ஒட்டுப்பலகையில் பெட்டி செய்யாதீர்கள். அதன் பசை, சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை விடும். தெர்மோகோலையும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

3. இடம்

குறைந்தது ஐந்து மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அப்படி ஓர் இடம் அரிது. ஜன்னல் விளிம்பு, தாழ்வாரக் கைப்பிடிச் சுவர் இரண்டையும் மறந்துவிடுங்கள். கண்ணாடியும் இரும்பும் மேலிருந்து விழுந்தால் ஆள் காலி. பொது நடைபாதையில் வைத்தால் தீ நேரத்தில் வழி அடைபடும். நான் சமூகத் தோட்டத்தில், பொறுப்பாளரிடம் கேட்டு, ஒரு மேசை இடம் வாங்கினேன்.

காற்றின் தரத்தையும் பாருங்கள். சிலிக்கா ஜெல் நீராவியோடு நிறுத்திக்கொள்ளாது, வாசத்தையும் பிடிக்கும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே காகிதம் எரிக்கும் தொட்டி எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து விலகியிருங்கள். வீட்டுக்குள் இரவு வைப்பதாக இருந்தால் சாம்பிராணி போடும் அறையும் வேண்டாம், சமையலறையும் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள்.

4. மணிகளைத் தயாரிப்பது

புது மணிகளில் தூசி இருக்கும், கழுவத்தான் வேண்டும். ஆனால் உலர்ந்த மணிகளை நேராகத் தண்ணீரில் போட்டால் படபடவென்று வெடித்துத் தூளாகிவிடும். ஈரம் திடீரென்று புகும்போது பிறக்கும் சூடும் இழுவிசையும் மணியைப் பிளக்கின்றன. என் முதல் அரைக் கிலோ இப்படித்தான் போனது.

சரியான வரிசை இது: முதலில் தட்டில் பரப்பி இரண்டு இரவு சும்மா காற்றில் விடுங்கள். வயிறு நிறைய ஈரம் குடித்த பிறகு கழுவினால் வெடிக்காது. இரண்டு மூன்று தடவை அலசி வடித்துவிடுங்கள். தூசி பறக்கும் வேலைகளின்போது முகக்கவசம் போடுங்கள்.

அப்புறம் பேக்கிங் அவனில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம். வெளியே எடுத்ததும் மூடியுள்ள பாத்திரத்தில் ஆறவிட்டு எடை பாருங்கள். இதுதான் உலர் எடை. துளைத் தட்டு, வலை, கறுப்புத் தட்டு மூன்றின் எடையையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் இல்லாமல் ஆரம்பித்தால், பிறகு எது எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

5. பெட்டியைக் கட்டுவது

ஆழமான தட்டின் விளிம்பில் சிலிக்கோன் பட்டையை ஒட்டுங்கள். அதன்மேல் துளைத் தட்டு உட்காரும். பட்டை இல்லாவிட்டால் மேல் தட்டின் சூடு விளிம்பு வழியாகக் கீழே இறங்கிவிடும்.

துளைத் தட்டின் உள்ளே, அடிப்பாகத்தில் வலையை விரித்து, அதன்மேல் மணிகளைப் பரப்புங்கள். 700 கிராம் பரப்பினால் ஏழு மில்லிமீட்டர் கனம் வரும், இரண்டு மணி உயரம். இதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு கிலோ கொட்டினால் மூன்று மடங்கு தண்ணீர் என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. இரவில் ஈரம் மேல் அடுக்கோடு நின்றுவிடும், பகலில் சூடு கீழ் அடுக்கை எட்டாது. நடுவில் இருக்கும் மணிகள் வெறும் பாரம்.

மணிகளின்மேல் கறுப்புத் தட்டு, கவிழ்க்காமல், தொட்டுக்கொண்டு இருக்கட்டும். வெள்ளை மணி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புத் தட்டு வாங்கிச் சூட்டைக் கீழே கொடுக்கும். இன்னொரு உதவியும் உண்டு: ஆவி மேலே போகும் வழியை அது மறைப்பதால் கண்ணாடியில் பனிபடர்வது குறையும், ஆவி துளைகள் வழியாகக் கீழே இறங்கும்.

மேலே மீண்டும் ஒரு பட்டை, அதன்மேல் கண்ணாடி. கண்ணாடிக்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அக்ரிலிக் தகடு. அந்த இடைவெளிக் காற்றுதான் போர்வை. ஆழத் தட்டின் மேற்பாதியின் வெளிப்பக்கத்தில் கார்க் ஒட்டுங்கள். கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். அது தொட்டித் தண்ணீரில் நிற்கப்போகிறது.

அடியில் குழாய் வைக்கத் துளை போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். எவர்சில்வரில் துளை போடுவது கஷ்டம், போட்ட துளை ஒழுகும். 100 மில்லியைத் தட்டின் மூலை வழியாகவே ஊற்றிவிடலாம்.

6. இரவு: ஏற்றுவது

மாலை ஏழு மணிக்குச் சூரியன் மறைந்ததும் துளைத் தட்டை வெளியே எடுத்து, கறுப்புத் தட்டை நீக்கி, நான்கு கட்டைகள்மேல் வையுங்கள். அடியிலிருந்து விசிறி மேல்நோக்கி ஊதட்டும். மழைக்கு மேலே கூரை வேண்டும், பக்கவாட்டில் திறந்திருக்க வேண்டும்.

விசிறி எதற்கு, அவ்வளவு ஈரக் காற்றில்? மணியை ஒட்டிய காற்று ஈரத்தைக் கொடுத்ததும் காய்ந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவர ஆள் வேண்டும். உறிஞ்சும்போது மணி சூடாகும், சூடான மணி மேற்கொண்டு உறிஞ்சத் தயங்கும். விசிறி அதையும் ஆற்றுகிறது. மெதுவான வேகம் போதும். இந்தச் சின்ன விசிறி இழுப்பது இரண்டு வாட் அளவுதான்.

7. விடியற்காலை: மூடுவது

காலை ஏழு மணிக்கு முன்னால் எடை பார்த்து, உடனே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நம் ஊரில் விடியும் முன் ஈரப்பதம் 90%ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60% பக்கம் இறங்கும். ஒன்பது மணிக்கு மூடலாம் என்று தூங்கினால், இரவில் ஏறியதில் ஒரு பங்கை மணிகள் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

மணிகளின் எடை உலர் எடையைவிட 180 முதல் 200 கிராம் கூடியிருந்தால் இரவு வேலை சரி.

8. பகல்: கீழே குளிர்ச்சி, மேலே சூடு

தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, ஆழத் தட்டின் கீழ்ப்பாதி முங்கும்படி வையுங்கள். தட்டு மிதக்கப் பார்க்கும், ஓரத்தில் ஒரு செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் தண்ணீரின்மேல் வெள்ளைத் துணி போட்டு வெயிலை மறையுங்கள். நண்பகலில் தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள்.

இந்தப் படியைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் மேசைமேல் வெறுமனே வைத்துவிட்டு, “உள்ளே 70 டிகிரி காட்டுது, ஆனா ஒரு சொட்டு இல்லையே” என்பார்கள். காரணத்தை எண்ணில் பார்க்கலாம்.

70 டிகிரியில் நீரின் நிறைநிலை ஆவியழுத்தம், அதாவது அந்தச் சூட்டில் நீராவிக்கு இருக்கக்கூடிய உச்ச அழுத்தம், 31 கிலோபாஸ்கல். அடித்தட்டு 30 டிகிரியில் இருந்தால் அங்கே 4.2. மூடிய பெட்டிக்குள் ஆவியழுத்தத்தைக் குளிர்ந்த பக்கம்தான் தீர்மானிக்கும். ஆக, 31இல் 4.2 என்று பார்த்தால், மணிகளைச் சுற்றியுள்ள ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 14%. அவ்வளவு வறட்சியில் மணி ஈரத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். அடித்தட்டு 40 டிகிரிக்குப் போனால் ஆவியழுத்தம் 7.4, மணியைச் சுற்றி 24% ஈரப்பதம். இன்னும் பத்து டிகிரி கூடினால் 40% ஆகிவிடும், மணி கைவிரித்துவிடும். மேலே ஐந்து டிகிரி கூட்ட நாள் முழுக்கப் பாடுபடுவதைவிடக் கீழே பத்து டிகிரி குறைப்பது சுலபம். ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு.

பெட்டியை இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் சூடும் ஆவியும் போகும். வெப்பமானியின் கம்பியைப் பட்டைக்கு அடியில் விட்டு வெளியிலிருந்தே பாருங்கள்.

9. மாலை நான்கு மணி: தாமதிக்கக் கூடாத படி

அலுவலகம் போகிற நண்பர் ஒருவர் வாரம் முழுக்க இரவு எட்டு மணிக்குத்தான் பெட்டியைத் திறந்தார். ஒரு நாளும் பத்து மில்லிக்கு மேல் இல்லை. பெட்டி ஒழுகுகிறது என்று பட்டையை மூன்று தடவை மாற்றினார். ஒழுகவே இல்லை. வெயில் இறங்கியதும் மணிகள் ஆறின. ஆறிய மணிகள் அடியில் கிடந்த தண்ணீரையே திரும்பக் குடித்துவிட்டன.

அதனால் மணிகளின் சூடு இறங்கத் தொடங்கியதும், பெரும்பாலும் நான்கு மணி வாக்கில், திறந்துவிடுங்கள். கருமேகம் திரண்டால் இரண்டு மணிக்கே திறங்கள். கையுறை அவசியம். துளைத் தட்டை எடுத்து, தராசின்மேல் மரப்பலகை வைத்து, சட்டென்று எடை பாருங்கள். சூடான தட்டு தராசின் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். பிறகு ஆழத் தட்டைச் சாய்த்துத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூடுங்கள்.

தொட்டித் தண்ணீரை அன்றன்றைக்கே செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். குடிநீர் செய்யப்போய் டெங்கியை வளர்த்தோம் என்ற பெயர் வேண்டாம். அபராதமும் வரும்.

10. மூன்று எடைகளை வைத்துக் கோளாறு பிடிப்பது

ஒவ்வொரு நாளும் நான்கு எண்களை நோட்டில் எழுதுங்கள்: மாலையில் ஏற்றும் முன் எடை, விடியற்காலை எடை, நான்கு மணி எடை, போத்தலில் கிடைத்த தண்ணீர்.

விடியற்காலை எடை போதிய அளவு கூடவில்லையா? இரவில் கோளாறு. மணிப் படுகை கனமாக இருக்கிறது, அல்லது விசிறி நின்றுவிட்டது. இது அபூர்வம்.

விடியலுக்கும் நான்கு மணிக்கும் இடையே எடை இறங்கவில்லையா? சூடு போதவில்லை அல்லது அடித்தட்டு குளிரவில்லை. முதலில் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எடை 120 கிராம் இறங்கியிருக்கிறது, போத்தலில் 60தான் என்றால் ஆவி தப்பிக்கிறது. கண்ணாடியின் உட்பக்கம் நனைந்திருந்தால் அக்ரிலிக் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். காய்ந்திருந்தால் பட்டை ஒழுகுகிறது. பத்து இருபது கிராம் வித்தியாசத்துக்குக் கவலைப்படாதீர்கள். தட்டுச் சுவரில் ஒட்டிய துளிகளே அவ்வளவு இருக்கும்.

ஒரே நாளில் இரண்டு விஷயங்களை மாற்றாதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

11. குடிப்பதற்கு முன்

முதல் ஐந்து நாள் தண்ணீர் செடிக்கு. புதுத் தட்டின் எண்ணெய், பட்டையின் வாசம், மிச்சத் தூசி எல்லாம் அதில் வரும். இஸ்திரிப் பெட்டிக்கும் அருமையான தண்ணீர், உப்பே இருக்காது.

தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒற்றை இலக்கம் காட்டினால் உப்போ உலோகமோ அதிகம் கரையவில்லை என்று மட்டும் அர்த்தம். “டிடிஎஸ் மூணுதான், குடிக்கலாம்ல?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிருமியையும், பெட்ரோல் ஆவி போன்ற கரிமப் பொருள்களையும் அந்த மீட்டர் பார்க்கவே பார்க்காது. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய தோட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே: கிளர்வூட்டிய கரி வடிகட்டி, பிறகு நன்றாகக் கொதிக்கவைப்பது. கரி முதலில், கொதி அப்புறம். கரியில் கிருமி வளரக்கூடும் என்பதால் இந்த வரிசை. பழக்கமாகக் குடிக்க நினைத்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பிள்ளைகள் செய்யும் திட்டப்பணி என்றால் அளந்து காட்டுவதோடு நிறுத்துங்கள், ருசி பார்க்க வேண்டாம்.

மணிகளை மாதம் ஒருமுறை அவனில் 120 டிகிரியில் காயவைத்து, பழைய உலர் எடையோடு ஒப்பிடுங்கள். பழுப்பேறினாலோ வாசம் அடித்தாலோ மாற்றிவிடுங்கள்.

12. பெரிதாக்க ஆசைப்பட்டால்

உடனே வரும் கேள்வி, எம்ஓஎஃப் (உலோகமும் கரிம மூலக்கூறுகளும் சேர்ந்த நுண்துளைப் பொருள்) வாங்கலாமா என்பது. 2025இல் அந்தப் பொருள்களுக்காகக் கிடைத்த வேதியியல் நோபலுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. பாலைவனத்துப் பத்து இருபது சதவீத ஈரப்பதத்திலும் தண்ணீர் பிடிப்பதுதான் அவற்றின் பலம். எண்பது சதவீதத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தப் பலத்தால் பெரிய லாபம் இல்லை, விலை மட்டும் கூடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2020இல் அறிவித்த, பஞ்சு போல இலேசான ஏரோஜெல், ஈரமான சூழலில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 17 லிட்டர் தரும் என்றார்கள். நம் ஊருக்கு அந்த வழி பொருத்தம், ஆனால் கடையில் வாங்கி வந்து செய்ய முடியாது.

மின்சாரம் தாராளமாக இருந்தால் குளிர்விக்கும் இயந்திரமே நம் காற்றில் அதிகத் தண்ணீர் தரும். நம் பெட்டிக்கு அனுகூலம், வெயிலில் ஓடுவது ஒன்றுதான். அதனால் பெரிதாக்கும்போது மணியைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டுங்கள். நான்கு தட்டு, நான்கு தொட்டி, அதே ஏழு மில்லிமீட்டர் கனம். தோட்டப் பொறுப்பாளரிடம் இன்னொரு மேசைக்கு இப்போதே கேட்டு வைப்பது நல்லது. எனக்கு இரண்டாவது மேசை கிடைக்க மூன்று மாதம் ஆனது.